குனிஞ்ச ஒசரம்

ஏனுங்க, வண்டிய வெயில்ல நிறுத்தாதீங்க. இக்கட்டால வேப்பமரத்தடிக்குக் கொண்டாங்க. ஆமாங்க, இதே தோட்டந்தான். பேப்பர்ல பாத்துட்டு வந்தீங்களாக்கும்? மேல கரண்டு, கீழ மஞ்சள்னு கலர்ல போட்டிருந்தானே, அதுல சோலாரு பேனலுக்கு அடியில குத்த வெச்சு உக்காந்திருக்கறது நானேதானுங்க. சென்னியப்பன். நின்னா தலை இடிக்கும்னு போட்டோப் புடிக்க வந்த தம்பிதான் உக்காரச் சொல்லிப்போட்டான். பாத்தவங்க எல்லாம் என்ன சென்னியப்பா, வெளிக்கி உக்காந்தாப்பல இருக்கறேன்னு கேட்டுப்போட்டாங்க.

மஞ்சள் எங்கேன்னு தேடறீங்களா? தேடாதீங்க. ஜல்லிதான். ரோடு போடறதுக்குக் கொட்டற கருங்கல்லு ஜல்லி. போன வாரந்தான் கொட்டி முடிச்சாங்க. பொழுதுக்கும் லாரி வந்துட்டே இருந்துது. முக்கால்வாசிக் காட்டுல ஜல்லிக்கு அடியில இன்னும் மஞ்சக்கெழங்கு கெடக்குது, தோண்டாமயே மேல கொட்டியாச்சு.

வழியில யாரைக் கேட்டீங்க? கூனிக்காடுன்னா சொன்னாங்க? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. இதுக்குப் பேரு வேம்படிக்காடுங்க. எங்க மாமனார் காலத்துலருந்து வேம்படிக்காடு. இப்ப கேஸ் சிலிண்டர் போடறவன் மொதக்கொண்டு கூனிக்காடுங்கறான். கரண்டு ஆபீசுல இருந்து வந்த லைன்மேன் என்ற மூஞ்சிக்கு நேராவே கேக்கறான், கூனிக்காட்டுக்காரரு நீங்கதானுங்களான்னு. வவுறு எரியுமா எரியாதா?

உக்காருங்க, சொல்றேன். நீங்களும் உங்க பூமியில இப்படிப் போடலாம்னு ரோசனை பண்றீங்கன்னா, கேட்டுட்டுத்தான் போகோணும். சோலாரு மேல தப்பில்லைங்க. மஞ்சள் மேலயும் தப்பில்லை. ஆளுக மேலதான் தப்பு. பொம்பளையாளுக மேலதான் தப்பு.

இது என்ற மாமனார் பூமிங்க. அவருக்கு ஒரே புள்ளை, என்ற ஊட்டுக்காரி துளசிமணி. பட்டா அவ பேருல இருக்குது. வீட்டோட மாப்பிள்ளைன்னு ஊருல நாலு பேரு பேசுவான், பேசட்டும். பட்டா யாரு பேருல இருந்தா என்னங்க, இத்தனை வருசமா பண்ணயம் பாத்தது யாரு? என்ன நடறது, தண்ணி எப்ப உடறது, யாரைக் கூப்படறது, எல்லாம் நான் சொல்றதுதான். அவ வேலை செய்வா. அவ்வளவுதான்.

சோலாரு கம்பெனிக்காரங்க பூமியக் குத்தகைக்குக் கேட்டு மொதமொதல்ல வந்தப்ப அவ முடியவே முடியாதுன்னுட்டா. "எங்கப்பன் பூமிய மூடிப்போட்டு நான் எங்கீங்க போறது?"ன்னு அழுகாத கொறையா நின்னா. இஞ்சினியரு ஒரு தம்பி, விமல்ராஜுன்னு பேரு, நல்ல பையன், அவந்தான் பொறுமையாச் சொன்னான். "மூட வேண்டியதில்லீங்கம்மா. இரும்புக் கால் நட்டு மேல பேனல் வெப்போம். வரிசைக்கு வரிசை சந்து உட்டு வெப்போம். கீழ நீங்க எப்பவும் போல வெள்ளாமை பண்ணிக்கலாம். மஞ்சளுக்குப் பாதி நெழல் நல்லதுங்கம்மா"ன்னான்.

"கடைசி வரைக்கும் கீழ வெள்ளாமை இருக்குமா தம்பி?"ன்னு இவ கேட்டா.

"இருந்தே ஆகோணும்ங்கம்மா. நீங்க வேண்டாம்னு உட்டுட்டீங்கன்னாத்தான், புல்லு மொளைச்சுக் காஞ்சு தீப்புடிக்கக் கூடாதுன்னு நாங்க ஜல்லி கொட்டிக்குவோம்."

அதுக்கப்பறந்தான் கையெழுத்துப் போட்டா. போடறதுக்கு முன்னால என்னைய ஒரு பார்வை பாத்தா. "பூமி காடாவே இருக்கோணும். நீங்க பாத்துக்குவீங்கல்ல?"ன்னா. "நான் பாத்துக்கறேன் அம்மிணி"ன்னேன். பாத்துக்கத்தானே செஞ்சேன்? கேளுங்க.

ஒசரம் முடிவு பண்றதுக்கு விமல்ராஜு மறுபடியும் வந்தான். டிராக்டர் உள்ள ஓடோணும்னா ஒரு ஒசரம், ஆளு நிமிந்து நடந்தாப் போதும்னா ஏழடி, அதுக்குங் கொறைச்சு வேணும்னாலும் போடலாம்னான். ஒசரம் போகப் போக காத்துப் புடிக்கும், காலைத் தடிமனாப் போடோணும், பேனலும் கொறையும்னான். கடைசியா ஒண்ணு சொன்னான் பாருங்க, "எதுக்கும் உள்ள வேலை செய்யறவங்களைக் கேட்டுட்டுச் சொல்லுங்க சார்"னு.

கேக்கறதாமா! களை வெட்டறவங்ககிட்ட நான் போயி, ஏனுங்க அம்மா, உங்களுக்கு எவ்வளவு ஒசரம் வேணும்னு கேக்கறதாமா! அதுவுமில்லாம ஆடிக்காத்து இங்க எப்படி அடிக்கும்னு அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? பாலக்காட்டுக் கணவாயில நொழைஞ்ச காத்து நேரா இந்தக் காட்டுல வந்துதான் மோதும். ஒரு வருசம் எதுத்த தோட்டத்துக் கோழிப்பண்ணைக் கூரை அப்படியே எந்திரிச்சு வந்து நம்ம வெங்காயத்து மேல உளுந்துது. அதனால தாழ்வாத்தான் போடோணும்னு அப்பவே முடிவு பண்ணிப்போட்டேன்.

ஆனா நான் குருட்டாம்போக்குல செய்யற ஆளில்லைங்க. அளந்துதான் செஞ்சேன். அன்னிக்கு துளசிமணி வெங்காயத்துல களை வெட்டிட்டு இருந்தா. ஒரு சோளத்தட்டைய எடுத்துட்டுப் போயி அவ பக்கத்துல நட்டமா நிறுத்தினேன். "என்னங்க பண்றீங்க?"ன்னு நிமிரப் போனா. "அசையாத. குனிஞ்சே இரு"ன்னேன். முதுகு எங்க வருதோ அந்த எடத்துல தட்டைய ஒடிச்சேன். ஒடிச்சு, அதுக்கு மேல என்ற கையால தாராளமா ஒரு சாண் சேத்தினேன். அளந்து பாத்தா நாலடிக்குக் கொஞ்சம் கம்மியா வந்துது. நாலடியாவே இருக்கட்டும்னு சொல்லிப்போட்டேன். வேற எவனாச்சும் இப்படி வேலை செய்யற ஆளை அளந்து போட்டிருப்பானா, நீங்களே சொல்லுங்க. தைக்கற துணிக்குக் கூட இவ்வளவு பாக்க மாட்டாங்க.

கால் நட்டு, குறுக்குக் கம்பி எல்லாம் மாட்டினதுக்கப்பறம் அவ வந்து பாத்தா. "இன்னுங் கொஞ்சம் ஒசத்தச் சொல்லுங்க. உள்ள நிக்கவே முடியாதாட்ட இருக்குது"ன்னா.

"உள்ள நின்னு கும்மியா அடிக்கப் போறீங்க? களை வெட்டறது குனிஞ்சுதானே?"ன்னு கேட்டேன்.

அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. ஏதாச்சும் சொல்லியிருந்தா ஒசத்தியிருப்பேனே! இவளுக எப்பவும் இப்படித்தான், சொல்ல வேண்டிய நேரத்துல சொல்ல மாட்டாளுக.

வெதைமஞ்சள் ஊனினோம். மொளைச்சு வந்துது பாருங்க, அட அட அட. இலை ஒவ்வொண்ணும் வாழைக்கண்ணாட்ட. வெளிய வெயில்ல இருக்கற மஞ்சக்காடெல்லாம் நுனி காஞ்சு நிக்குது, நம்முது பச்சைப் பசேல்னு. அப்பத்தான் பேப்பர்க்காரங்க வந்தாங்க, போட்டோப் புடிச்சாங்க. ஆளுகளும் வந்தாங்க பாக்கறதுக்கு, வெள்ளகோவில்ல இருந்து, மூலனூர்ல இருந்து. எல்லாத்துக்கும் நாந்தான் வெளக்கம் சொன்னேன். துளசிமணி டீ வெச்சுக் குடுத்தா.

மொதக் களைக்கு மாராயி செட்டைக் கூப்பிட்டேன். காலனிக்காரி, நல்ல வேலைக்காரி. அவ கூட எட்டுப் பத்துப் பொம்பளைங்க வருவாங்க. உள்ள நொழைஞ்சதும் ஒரே சிரிப்பு. "கவுண்டரே, கல்யாணப் பந்தலாட்டப் போட்டிருக்கறீங்க, நெழலு ஜிலுஜிலுன்னு இருக்குது"ன்னாங்க. எனக்கு மனசு குளுந்து போச்சு. இத்தனை வருசமா வெயில்ல காஞ்சவளுகளுக்கு நெழல் குடுத்திருக்கறோம்னு பெருமையா இருந்துது.

கொஞ்ச நேரந்தான். பாத்தா ஒருத்தி தவந்து வெளிய வர்றா. சந்துல நின்னு, இடுப்புல கைய வெச்சு, அப்படியே பின்னால வளையறா. அவ உள்ள போறதுக்குள்ள இன்னொருத்தி வர்றா. அப்பறம் இன்னொருத்தி. பொழுதுக்கும் இதே கதை. பாத்தி பாதி கூட நவுரலை. முந்தியெல்லாம் இவளுக இப்படி நிமிந்து நான் பாத்ததே இல்லைங்க. குனிஞ்சா பொழுதோட ஊட்டுக்குப் போறப்பத்தான் நிமிருவாளுக. நெழலைக் கண்டதும் சொகுசு வந்துருச்சு.

"என்ன மாராயி, நிமிர்றதுக்கா கூலி?"ன்னு சத்தம் போட்டேன்.

அவ சந்துல நின்னுட்டே சொல்றா: "குனியறதுக்குத்தானுங்க கூலி கவுண்டரே. நிமிர்றது எங்க சொந்தச் செலவு. அதுக்கு நீங்க எடமே உடலையே."

எல்லாத்துக்கும் சிரிப்பு. துளசிமணியும் உள்ள அவங்ககூடக் குனிஞ்சு களை வெட்டிட்டு இருந்தா. அவளும் சிரிச்சா, எனக்குக் கேட்டுது. ராத்திரி சோறு போடறப்ப, ஏன் இப்படி மாத்தி மாத்தி நிமிர்றீங்கன்னு கேட்டேன். "நாங்க எப்பவும் நிமிருவோமுங்க. ஒரு பொழுதுக்கு எத்தனையோ தடவை நிமிருவோம். நீங்க பாத்ததில்லை"ன்னா. நான் பாக்காததாமா! வரப்புல நின்னு பொழுதுக்கும் பாத்துட்டு இருந்தவன் நானு.

அடுத்த நாள் மாராயி செட்டு வல்லை. அதுக்கடுத்த நாளும் வல்லை. நேரா காலனிக்கே போனேன். வெடியால நேரம், அத்தனை பொம்பளைகளும் நூல் மில்லு வேன்ல ஏறிட்டு இருந்தாங்க. "காட்டு வேலைக்கு வாங்க, களை மண்டுது"ன்னா, மாராயி வேன் ஜன்னல்ல இருந்து, "கூனிக்காட்டுக்கு வந்தா எங்களுக்கும் கூன் உளுந்துருமுங்க"ங்கறா. அந்தப் பேரு அன்னிக்கு உளுந்ததுதான். அப்பறம் எந்த ஊருக்குப் போயி ஆள் கூப்பிட்டாலும், ஓ, கூனிக்காடுங்களா, வேற வேலை இருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டாங்க. வந்த ஒண்ணு ரெண்டு செட்டும் ஒரு நாளோட சரி.

சரி, களைதான் இப்படின்னா, மஞ்சளுக்கு மண்ணணைக்கோணும் பாருங்க. மழை பேஞ்சா பேனல் விளிம்புல இருந்து தண்ணி ஒரே கோடா ஊத்தும். ஊத்தற எடத்துல மண்ணு அரிச்சு கெழங்கு வெளிய தெரியுது. மண்ணணைக்க ஆம்பளை ஆளு ஒருத்தனைக் கூட்டியாந்தேன். அவன் மம்முட்டிய ஓங்கினான். ஓங்கினா என்ன ஆகும்? பேனலு படார்னு விரிசல் உட்டுப்போச்சு. கம்பெனியில இருந்து போன் மேல போன். மம்முட்டிய ஓங்காம வெட்டுடான்னா, "நீங்க வந்து வெட்டிக் காட்டுங்க"ன்னு மம்முட்டியப் போட்டுட்டுப் போயிட்டான். இந்தக் காலத்து ஆளுகளுக்குப் பெரியவங்கங்கற மரியாதை கெடையாது.

அதுக்கப்பறம் மண்ணணைச்சது, களை எடுத்தது எல்லாம் துளசிமணி ஒருத்திதான். நான் போயிருப்பேனுங்க, ஆனா என்ற ஒசரத்தைப் பாருங்க. ஆறடிக்கு மேல. என்னால அதுக்குள்ள போக முடியுமா? அதனால சந்துல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டு, எந்தப் பக்கம் களை கெடக்குதுன்னு சொல்லிட்டே இருப்பேன். அதுவும் வேலைதானுங்களே.

அவ முட்டியில சாக்கைக் கட்டிட்டு மண்டி போட்டே நவுருவா. ஒரு நாள் தெரியாம நிமிந்து, போல்ட்டு தலையில கிழிச்சு, ரத்தம் காதோரம் வழியுது. "தலையில துணியச் சுத்திட்டுப் போன்னு சொன்னனே, கேட்டியா?"ன்னு கேட்டேன். தையல் போட்டுட்டு வந்தோம். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் உள்ள போயிட்டா. ஏன் அம்மிணி, ஒரு வாரம் போவட்டுமேன்னேன். "உட்டா ஜல்லி கொட்டிருவாங்க"ன்னா. அவளுக்கு அந்த ஒரு பயந்தான். கண்ணை மூடினா ஜல்லி லாரி வர்றாப்பலயே இருக்குதுன்னு சொல்லுவா.

தை மாசம் இலை காஞ்சு சாஞ்சுது. ஒரு குத்தைத் தோண்டிப் பாத்தோம். சாமி சத்தியமாச் சொல்றேன், இந்தப் பூமியில அப்படி ஒரு மஞ்சளை நான் கண்டதில்லை. ஒரு குத்து ரெண்டு கையில புடிக்கற மாதிரி. வெரலு வெரலாத் தடிச்சு, ஒடிச்சா உள்ள செக்கச்செவேல்னு. அந்த இஞ்சினியரு பையன் சொன்னது அத்தனையும் நெசம். மேல கரண்டும் ஓடுது, கீழ கெழங்கும் வெளைஞ்சு கெடக்குது. எடுக்கறதுக்குத்தான் நாதியில்லை.

அவ சின்னக் கடப்பாரையை வெச்சு நெம்பி நெம்பி எடுத்தா. ஓங்கிக் குத்த முடியாதே, நெம்பத்தான் முடியும். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி. நானும் வந்த கெழங்கையெல்லாம் சந்துல குமிச்சு வெச்சேன். கால்வாசிக் காடு கூட ஆகலை, ஒரு நாள் பொழுதோட தவந்து வெளிய வந்தவ எந்திரிக்கலை. கைய ஊனி ஊனிப் பாக்கறா, முதுகு நேராகவே மாட்டேங்குது. நான் வெளையாடறான்னு நெனைச்சேன். "எந்திரி, கோழியெல்லாம் அடையப் போகுது"ன்னேன். அப்படியே குனிஞ்சமானைக்கே ஊடு வரைக்கும் நடந்து வந்தா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? தாராபுரம் கூட்டிட்டுப் போனேன், ஊசி போட்டு, மாசக்கணக்குல குனியவே கூடாதுன்னுட்டாங்க. குனியாம என்ன வேலைங்க இருக்குது காட்டுல?

அப்பத்தான் விமல்ராஜு வந்தான். உள்ள பாதி காஞ்ச இலையும் புல்லுமா கெடக்கறதைப் பாத்தான். எங்கூட்டு வாசல்லயே உக்காந்து சொன்னான், "சார், கால் மேல இன்னொரு பைப்பு ஏத்தி எல்லாத்தையும் ஏழடிக்கு ஒசத்திக்கலாம். கரண்டு கம்மியா வர்ற மழைக்காலத்துல கழட்டி மாட்டிருவோம். பேனலு கொஞ்சம் கொறையும், பரவால்ல, எங்க பெரியவங்ககிட்ட நான் பேசிக்கறேன். நாலடி போதாது, ஒசத்திக் குடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

துளசிமணி செவுத்துல சாஞ்சு நின்னுட்டு இருந்தா. என்னையவே பாத்தா.

நீங்களே சொல்லுங்க. அந்த ஒசரத்தை அளந்தவன் நானு. பேப்பர்ல வந்தவன் நானு. வெள்ளகோவில்காரன், மூலனூர்க்காரன் அத்தனை பேருக்கும் இதுதான் சரின்னு சொன்னவன் நானு. இப்போ, இல்லைங்க தம்பி, நான் பண்ணினது தப்புங்கன்னு ஒரு சின்னப் பையன்கிட்டச் சொல்றதா? அதுவும் வீட்டோட மாப்பிள்ளை, மாமனார் பூமியில? ஊருக்காரன் சும்மா உடுவானா?

"ஒசரத்துல ஒரு கொறையும் இல்லை தம்பி. ஆளுகதான் வர்றதில்லை"ன்னேன்.

அந்தப் பையன் அவளப் பாத்தான். "அம்மா, நீங்க..."ன்னு இழுத்தான்.

"என்னைய எதுக்கு தம்பி கேக்கறீங்க?"ன்னா. அப்பறம், "ஜல்லியே கொட்டிருங்க"ன்னு சொல்லிப்போட்டு உள்ள போயிட்டா.

அவளே சொன்னாளுங்க! எங்கப்பன் பூமி, எங்கப்பன் பூமின்னு உருகினவ அவளே சொல்லிப்போட்டா. இப்ப ஊருக்குள்ள என்ன பேச்சு? சென்னியப்பன் பூமிய ஜல்லிக்காடு ஆக்கிப்போட்டான்னு. சொன்னது அவ. பேரு எனக்கு.

அதோட முடிஞ்சுதா? லாரி வந்து மொத லோடு கொட்டுன அன்னிக்கு வெடியால, சோத்துப்போசியத் தூக்கிட்டு மாராயிகூட நிக்கறா. மில்லு வேனுக்கு. நான் ஓடிப்போயி கேட்டேன், "ஏன் அம்மிணி, நமக்கு என்ன கொறை? டாக்டரு வேலைக்கே போகக் கூடாதுன்னாரு"ன்னேன். "குனியக் கூடாதுன்னுதானுங்க சொன்னாரு. அங்க நின்னுட்டே வேலை"ன்னா. பொழுதுக்கும் நின்னுட்டே நூலு பாக்கோணுமாம். சொல்றப்ப மூஞ்சியப் பாக்கோணுமே, கோயில் நோம்பிக்குப் போறவளாட்ட.

இருங்க, போவாதீங்க. அதா, வேன் வந்துருச்சு பாருங்க. பொழுதோட இந்த வளைவுலதான் எறக்கி உடுவான். முன்னால வர்றவ மாராயி. அவளுக்குப் பின்னால செவப்புச் சேலை, அவதான் துளசிமணி. காட்டுப் பக்கம் திரும்பறாளான்னு பாருங்க. திரும்ப மாட்டா. நானும் தெனமும் இங்க உக்காந்து பாக்கறேன், ஒரு நாள் கூடத் திரும்பலை.

என்னங்க, ஒசரமா இருக்கறாங்கன்னா பாக்கறீங்க? நானுந்தான் பாத்தேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல இவ என்ற தோளுக்கு மேல வருவாங்கறது எனக்குத் தெரியவே தெரியாதுங்க. மில்லுக்குப் போன நாலு நாள்ல வந்த திமிரு. இல்லைன்னா ஒரு பொம்பளை இப்படி நிமிந்தா நடப்பா?